கேள்வி – பதில்: கொட்டை எழுத்து செய்யும் வேலை

கேள்வி: ‘டேப்லாய்டு’ என்பது தாளின் அளவா, தரமா?

பதில்: இரண்டும் அல்ல; முதலில் அது மருந்தின் பெயர். பரோஸ் வெல்கம் என்ற நிறுவனம் 1884இல் தன் மாத்திரைகளுக்குப் பதிவு செய்த வணிகப் பெயர், பின்னர் சுருக்கி அடைத்த எதற்கும் வழங்கி, சிறிய தாளில் செய்தியைச் சுருக்கித் தரும் நாளிதழுக்கும் வந்து சேர்ந்தது. பிரிட்டனின் ‘தி கார்டியன்’ நாளிதழ் 2018இல் அந்தச் சிறிய அளவுக்கு மாறியது. அதனால் அதன் குணம் மாறிவிடவில்லை.

கேள்வி: பிரிட்டனின் பரபரப்பு நாளிதழ்கள் வாசகரின் மனத்தைத் திருப்புவது பொய்ச் செய்தியால்தானா, அல்லது மொழியிலேயே சூட்சுமம் இருக்கிறதா?

பதில்: பொய் அவ்வப்போது உண்டு, அன்றாட வேலையைச் செய்வது சொல்லின் தேர்வு. பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரின்போது, 1982 மே 2 அன்று, அர்ஜென்டினாவின் ‘ஜெனரல் பெல்கிரானோ’ என்ற போர்க்கப்பலைப் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மூழ்கடித்தது. ‘தி சன்’ என்ற பரபரப்பு நாளிதழ் தன் மே 4 இதழின் முதல் பக்கத்தில் ‘காட்சா’ என்ற ஒற்றைச் சொல்லை அச்சிட்டது. ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளை ‘மாட்டிக்கொண்டாயா!’ என்று கூவுமே, அந்தத் தொனி. பிடித்தது யார் என்று அச்சொல் கூறவில்லை. அந்த இடத்தில் ‘நாம்’ என்பதைப் படிப்பவரே நிரப்பிக்கொள்கிறார், அப்படி நிரப்பிய கணத்திலேயே அவர் ஒரு பக்கம் சேர்ந்தும் விடுகிறார். உயிர்ச்சேதம் பெரிது என்று தெரியவந்ததும், அன்றைய பிந்தைய பதிப்புகளில், 1,200 பேர் மூழ்கினார்களா என்ற கேள்வியாகத் தலைப்பை மாற்றினார்கள். அப்போதும் அர்ஜென்டினரைச் சுட்ட ‘ஆர்ஜீஸ்’ என்ற ஏளனச் சுருக்கமே நின்றது. இறந்தவர்கள் 323 பேர். எண் தவறினாலும் கேள்விக்குறி காப்பாற்றிவிடும் என்பது இத்தொழிலில் பழகிய தற்காப்பு.

கேள்விக்குறியையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹில்ஸ்பரோ சாட்சி. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் ஏற்பட்ட நெரிசல், பின்னாளில் இறந்தவர்களையும் சேர்த்து, 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிரைக் குடித்தது. நான்கு நாள் கழித்து அதே ‘தி சன்’ ஏடு ‘உண்மை’ என்று தலைப்பிட்டு, அதன் கீழே, இறந்தவர்களின் பைகளில் சில ரசிகர்கள் திருடினார்கள், காவலர்கள்மீது சில ரசிகர்கள் சிறுநீர் கழித்தார்கள் என்று அடுக்கியது. ‘சில’ என்ற சொல் வழக்குக்கு அஞ்சி இட்ட வேலி. தலைப்பின் கனத்தில் அது கண்ணில் படாது. பெயர் சொல்லாத காவலர்கள் கூறியவை, கொட்டை எழுத்தில் ஏறியதும், கூறியவர் எவரும் இல்லாத உண்மையாகிவிட்டன. 2012இல் அந்த நெரிசலை ஆராய்ந்த சுயேச்சைக் குழுவின் அறிக்கை அவற்றைத் தகர்த்தபின், அந்த ஏடு ‘மெய்யான உண்மை’ என்ற தலைப்பில் மன்னிப்புக் கேட்டது. உண்மைக்கே அடைமொழி தேவைப்பட்டது, பாருங்கள்.

கேள்வி: படத்தைத் திருத்தாமல் வெளியிட்டால் அது நடுநிலைதானே?

பதில்: இல்லை. நியூயார்க்கின் ‘டெய்லி நியூஸ்’, 1928 ஜனவரியில், மரண தண்டனை பெற்ற ரூத் ஸ்னைடர் என்ற பெண் மின்னாற்காலியில் இறக்கும் படத்தை வெளியிட்டது. படமெடுக்கத் தடை இருந்ததால் புகைப்படக்காரர் கணுக்காலில் கேமராவைக் கட்டி உள்ளே சென்றிருந்தார். படம் தெளிவாக இல்லை. ஆயினும் திருட்டுத்தனமாக எடுத்ததன் அந்த மங்கலே பார்ப்பவருக்கு நம்பகமாகத் தோன்றிவிடுகிறது.

எனக்கு இதைவிட உறுத்துவது, சாதாரணப் படம் செய்யும் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகும் நடைமுறையைத் தொடங்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை என்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். விலகக் கூடாது என்று அவர்கள் கூறவே இல்லை. 2016 நவம்பர் 4 அன்று ‘டெய்லி மெயில்’ அம்மூவரின் படங்களை வரிசையாக வைத்து ‘மக்களின் எதிரிகள்’ என்று தலைப்பிட்டது. தேடப்படும் குற்றவாளிகளின் சுவரொட்டி நினைவுக்கு வராமல் இராது. அந்தத் தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு அதே பக்கத்தைப் பாருங்கள்: அலுவல் உடையில் மூன்று நீதிபதிகள் தெரிவார்கள், அவ்வளவுதான்.