கிட்டார் தெரிந்தவர் சாப்பேயை உடனே வாசித்துவிட முடியுமா?

முடியாது. சாப்பே என்பது போர்னியோத் தீவில் சரவாக் பழங்குடியினர் மீட்டும் தந்திக் கருவி. நீங்கள் கிட்டார் வாசிப்பவர் என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். நானும் அந்த நம்பிக்கையோடு போனவன்தான்.

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் பாராம் ஆற்றின் மேற்பகுதியில் ஆசிரியராக இருந்தபோது, கென்யா (Kenyah) பழங்குடியினர் பல குடும்பங்களாகச் சேர்ந்து வாழும் ஒரு நீண்ட வீட்டில், பாக்சிக் (மலாயில் மாமா) ஒருவர் தன் சாப்பேயை என் மடியில் வைத்தார். ஒரு மீட்டருக்கும் மேல் நீளம். ஒரே மரத்தில் படகு போலச் செதுக்கி, பின்பக்கம் குடைந்து அப்படியே திறந்து விட்டிருந்தார்கள். நான் நான்கு விரலையும் பரப்பி கார்டு (chord), அதாவது பல தந்திகளை ஒன்றாக அழுத்திப் பிடித்தேன். அவர் ஒன்றும் பேசாமல் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்.

பாட்டு ஒரே தந்தியில்தான் ஓடுகிறது. இடது கை அந்தத் தந்தி நெடுக மேலும் கீழும் போய் வரும். மற்ற தந்திகள் சுருதிபோல் கூடவே ஒலிக்கும். எனக்கு அந்த ஒற்றைத் தந்தி வசப்படவே ஒரு மாதம் ஆனது.

அப்புறம் மெட்டுகள், அதாவது தந்திக்கு அடியில் சுரத்தின் இடத்தைக் குறிக்கும் கட்டைகள். சின்னப் பிரம்புத் துண்டுகளைத் தேன்மெழுகால் ஒட்டியிருப்பார்கள். பாட்டுக்கு ஏற்றபடி பாக்சிக் அவற்றைப் பெயர்த்து நகர்த்தி வைப்பார். அதைப் பார்த்ததும் எனக்கு அம்மாவின் வீணைதான் நினைவுக்கு வந்தது. அதிலும் மெழுகில் பதித்த மெட்டுகள்தானே! இரண்டும் ஒரே குடும்பம் என்று நான் சொல்லவரவில்லை, தயவுசெய்து சண்டைக்கு வராதீர்கள்.

கிட்டாரையும் நான் குறைத்துப் பேசவில்லை. இன்று மெட்டுகளை நிலையாக ஒட்டி, தந்திகளைக் கூட்டி, மின்சாரச் சாப்பேயே வாசிக்கிறார்கள். அதற்கு உங்கள் பழக்கம் உதவலாம். ஒருகாலத்தில் நோய் தீர்க்கும் சடங்குகளில் ஆண்கள் மட்டுமே தொட்ட கருவி இது. சாப்பேக் கலைஞர் மேத்யூ ங்காவ் ஜாவிடம் கற்ற அலெனா முராங் போன்ற பெண்கள் இன்று மேடையில் வாசிக்கிறார்கள். மாற்றம் எனக்குப் பிடித்தே இருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் இருந்த காலத்தில் சரவாக்கில் தீபாவளிக்குப் பொது விடுமுறை கிடையாது. தீபகற்ப மலேசியாவில் எங்கள் வீடே கூடியிருக்க, நான் வகுப்பில் நின்றேன். விடுப்பு கேட்டபோது, "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த வருடமும் அதே பதில். இன்றும் மனசு ஆறவில்லை. அந்த மாலைகளில் பாக்சிக் வீட்டுத் திண்ணைதான் எனக்குத் துணை.

சரி, சாப்பே வாங்கினால் நகர்த்தக்கூடிய மெட்டுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மெட்டு கழன்றால் பசை போட்டு இறுக்கிவிடாதீர்கள். மெழுகைக் கொஞ்சம் சூடாக்கி, காதால் கேட்டுக் கேட்டு வையுங்கள்.