மடிக்கணினி வாங்குமுன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். கேமிங் மடிக்கணினியாக எடுத்துவிட்டால் படிப்பு முடியும்வரை கவலையில்லை என்கிறார் கடைக்காரர். சரிதானா? – ஒரு தந்தை, ஈரோடு

பதில்: கவலையில்லாமல் போவது கடைக்காரருக்குத்தான். எக்செல், கணக்குப் பதிவு மென்பொருளான டாலி, பவர்பாயிண்ட், பிரவுசரில் திறந்து கிடக்கும் பத்துப் பக்கங்கள், இவற்றில் எதற்கும் கேமிங் கணினியில் விளையாட்டுக் காட்சிகளுக்கென வைக்கப்படும் தனி கிராபிக்ஸ் அட்டை தேவையில்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதோடு, இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட எடையையும் உங்கள் மகள் தினமும் பேருந்தில் சுமக்க வேண்டியிருக்கும். 16 ஜி.பி. ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (கோப்புகளைச் சேமிக்கும் இடம்) இருந்தால் போதும். விசைப்பலகையின் வலப்புறம் தனி எண் விசைகள் உள்ளனவா என்று பாருங்கள். 14 அங்குல மாதிரிகளில் பெரும்பாலும் இருக்காது, ஆனால் கணக்குப் பதிவு செய்பவரின் வலக்கை நாள் முழுவதும் தேடுவது அவற்றைத்தான்.

கேள்வி: பி.பி.ஏ. படிப்புக்கு மேக்புக் வாங்கலாமா? – ஒரு மாணவி, கோவை

பதில்: பாடத்திட்டத்தில் டாலி இருந்தால் வேண்டாம். அது விண்டோஸுக்கென எழுதப்பட்ட மென்பொருள், மேக்குக்கென அல்ல.

கேள்வி: கடன் வாங்கி, 23,000 ரூபாய்க்குப் பயன்படுத்திய 'ஐ7' மடிக்கணினி ஒன்றை மகனுக்கு எடுத்தேன். உள்ளே இருப்பது ஐ7-6600யூ. விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. "ஐ7 என்றேன், ஐ7தானே கொடுத்தேன்" என்கிறார் விற்றவர். – ஒரு தாய், விருதுநகர்

பதில்: அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஐ3, ஐ5, ஐ7 என்பவை இண்டல் நிறுவனச் சிப்புகளில் ஒரு தலைமுறைக்குள் உள்ள படிநிலைகள் மட்டுமே; எந்தத் தலைமுறை என்பதைக் காட்டுவது அதற்கு அடுத்து வரும் எண். 6600 என்றால் ஆறாம் தலைமுறை, 2015இல் வந்தது, இரண்டே கோர்கள் (சிப்புக்குள் வேலை செய்யும் அலகுகள்). 2022இல் வந்த ஐ3-1215யூவிலோ ஆறு கோர்கள் இருக்கின்றன. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இண்டல் சிப்புகளை, ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நிறுவனங்கள் கழித்த கணினிகள் துடைத்து மெருகேற்றப்பட்டு, வயதை வாய்விட்டுச் சொல்லாத ஸ்டிக்கருடன், விவரம் அறியாத பெற்றோரின் தலையில் கட்டப்படுகின்றன. பால் பாக்கெட்டில் தேதி அச்சிட வேண்டும் என்ற நாட்டில், பயன்படுத்திய கணினியின் விலைச்சீட்டில் ஆண்டை எழுதவைக்க முடியாதா என்று நான் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் மீது தவறில்லை. பில்லையும் வாட்ஸ்அப் உரையாடலையும் பத்திரப்படுத்திக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் புகார் பதியுங்கள்.

கேள்வி: இணையத்தில் 16 ஜி.பி. என்று போட்டிருந்தார்கள், வந்தது 8 ஜி.பி. திருப்பும் காலம் கடந்துவிட்டது என்கிறார்கள். – ஒரு மாணவர், தஞ்சாவூர்

பதில்: திருப்பும் காலம் என்பது மனம் மாறியவருக்கு, வேறு பொருளை அனுப்பியவர் அதன் பின்னால் ஒளிய முடியாது. விற்பனைப் பக்கத்தின் படத்தையும், டாஸ்க் மேனேஜர் காட்டும் ராம் அளவையும் இணைத்து எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

கேள்வி: பில் போட்டால் ஜி.எஸ்.டி. சேரும் என்றதால் பில் இல்லாமல் வாங்கினேன். மூன்றாம் மாதமே திரை கறுத்துவிட்டது. என்ன செய்யலாம்? – ஒரு வாசகர், சேலம்

பதில்: 18 சதவீதத்தை மிச்சம் பிடித்தீர்கள், அதனுடன் உத்தரவாதத்தைக் கேட்கும் வழியையும் விட்டுக்கொடுத்தீர்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். உத்தரவாதம் மீதமிருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். இல்லையேல் பழுதுபார்க்கும் செலவு உங்களுடையது.

கேள்வி: பை, மவுஸ், பிரிண்டர் இலவசம் என்கிறார்கள். ஏற்கலாமா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: அப்படி இலவசமாக வந்த பிரிண்டர் ஒன்று என் வீட்டிலும் இருக்கிறது; அதன் மை விலையைக் கேட்ட நாளிலிருந்து பழைய செய்தித்தாள் அடுக்கவே பயன்படுகிறது. அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் இரண்டாம் ஆண்டு உத்தரவாதமாகக் கேளுங்கள், அதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.