யூனியனைசேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

‘யூனியனைசேஷன்’ என்பதைத் ‘தொழிற்சங்கமயமாக்கல்’ என்று எழுதலாமா, அதையொட்டி வரும் சொற்கள் என்னென்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தச் சொல்லை எந்தக் கம்பெனி வாசலிலும் நான் கேட்டதில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 11 வருடம் வேலை பார்த்தேன். அங்கே ‘சங்கம் வைப்பது’ என்றுதான் சொல்வோம். ஒருவர் உறுப்பினர் ஆனால், ‘சங்கத்தில் சேர்ந்துவிட்டார்’ என்போம். எழுத்துக்கு ‘சங்கம் அமைத்தல்’ போதும்.

அதற்கு அடுத்து வரும் இரண்டு சொற்களைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்: பதிவு, அங்கீகாரம். பதிவு அரசு தருவது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1926 தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் விண்ணப்பிக்க முடிந்தது. 2001 திருத்தத்துக்குப் பிறகு, அங்கே வேலை செய்பவர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராகவும் இருக்க வேண்டியிருந்தது. அங்கீகாரம் நிர்வாகம் தருவது, அதாவது சங்கத்தோடு உட்கார்ந்து பேச ஒப்புக்கொள்வது. எங்களுக்குப் பதிவு எண் வந்த அன்று ஷிப்ட் முடிந்து எல்லாருக்கும் லட்டு கொடுத்தோம். அப்புறம் இரண்டு வருடம் எங்கள் கோரிக்கை மனுவை நிர்வாகம் கையில் வாங்கவே இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வரும். அந்த அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தோம்.

பதிவே பெரிய போராட்டமாவதும் உண்டு. 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதன் மையமே சங்கத்தின் பதிவும் அங்கீகாரமும்தான்.

1926 சட்டத்துக்கு வித்திட்டதும் சென்னைதான். 1918 ஏப்ரலில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று ஆலை நிர்வாகம் வாடியா மேல் வழக்குப் போட்டு, நீதிமன்றத்தில் தடையும் வாங்கிவிட்டது. சங்கத்தை நடத்தியதற்கே ஒருவரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்றால் சங்கம் எப்படி நிற்கும்? சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அதன் பிறகுதான் வலுத்தது.

மற்ற சொற்கள்: வேலைநிறுத்தம் தொழிலாளி செய்வது, கதவடைப்பு நிர்வாகம் செய்வது. கதவடைப்பு வேறு, ஆலை மூடல் வேறு. முன்னதில் கதவு மறுபடி திறக்கும். வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போய் வேலை செய்பவரைக் ‘கருங்காலி’ என்பார்கள். கடுமையான சொல், பார்த்துப் பயன்படுத்துங்கள்.

அகராதியில் கிடைக்காதவை ‘பன்னிரண்டு மூணு’, ‘பதினெட்டு ஒண்ணு’. இரண்டும் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1947 தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்கள்: 12(3), 18(1). நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் பேசிப் போடும் ஒப்பந்தம் பதினெட்டு ஒண்ணு. அது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் சமரசப் பேச்சில் போடுவது பன்னிரண்டு மூணு. அது சங்கத்தில் இல்லாதவர்களுக்கும் பொருந்தும்.

எங்களுக்குக் கடைசியில் அமைந்தது பன்னிரண்டு மூணு. வேலை போய்விடும் என்று பயந்து சங்கத்தில் சேராமல் ஒதுங்கியிருந்தவர்களுக்கும் அதே சம்பள உயர்வு கிடைத்தது. அடுத்த சம்பள நாளில் அவர்களில் பலர் எங்களைத் தேடி வந்து சந்தா ரசீது போடச் சொன்னார்கள்.