சல்லடையில் எண்ணியதும் ஏரியில் குறைந்ததும்: கேள்வி பதில்

கேள்வி: குளிர்விப்புக்காக ஏரிநீரை உறிஞ்சும் அனல்மின் நிலையத்தின் உள்ளிழுப்புச் சல்லடையில் ஓராண்டு சிக்கிய மீன்களை எண்ணிவிட்டோம். ஏரியின் இழப்பு அவ்வளவுதானே?

பதில்: இல்லை. வளர்ந்த மீன்கள் சல்லடையில் ஒட்டிக்கொண்டு சாகின்றன. முட்டைகளும், அவற்றிலிருந்து அப்போதுதான் வெளிவந்த நுண்ணிய லார்வாக்களுமோ, ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர் கண்ணுள்ள வழக்கமான சல்லடையைத் தாண்டிப் பம்பு வழியே, நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சருக்குள் போய், வெப்பத்திலும் அழுத்தத்திலும் அடிபடுகின்றன. நீங்கள் எண்ணியது முதல் வகையை மட்டுமே. இரண்டாவதை அறிய, அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையில் நீரை வடித்துப் பார்க்க வேண்டும். பல இனங்களின் லார்வாக்கள் இரவில்தான் அதிகம் மிதந்து வரும் என்பதால், பகலில் மட்டும் எடுத்த மாதிரி இழப்பைக் குறைத்தே காட்டும்.

கேள்வி: கோடிக்கணக்கான முட்டைகள் அழிகின்றன என்றால் ஏரியே காலியாகிவிடாதா?

பதில்: எண்ணிக்கையைச் சொல்லுமுன் அது எந்தப் பருவம் என்று சொல்லுங்கள். ஒரு பெண்மீன் வாழ்நாளில் 1 லட்சம் முட்டையிடுகிறது என்றும், மீன்வளம் கூடாமலும் குறையாமலும் இருக்கிறது என்றும் கொண்டால், அவற்றுள் சராசரியாக 2 மட்டுமே வளர்ந்து தாய் தந்தையரின் இடத்தை நிரப்பும். அக்கணக்கில் 10 லட்சம் முட்டைகளின் இழப்பு 20 வளர்ந்த மீன்களுக்குச் சமம். நூற்றில் ஒன்று பிழைக்கும் பருவத்துக் குஞ்சுகள் 10 லட்சம் போனாலோ, இழப்பு 10,000 மீன்கள்.

கேள்வி: 20 மீன்தான் என்றால் இத்தனை கூச்சல் எதற்கு? மிஞ்சிய குஞ்சுகளுக்கு இரை கூடுதலாகக் கிடைத்து அவையே ஈடுகட்டிவிடுமே.

பதில்: மின்நிலையத் தரப்பு விரும்பிச் சொல்லும் வாதம் இது, முழுப் பொய்யும் அன்று. குஞ்சுகள் நெரிசலால் இரையின்றிச் சாகும் ஏரியில் ஓரளவு ஈடு கிடைக்கும். ஆனால் மீன்வளம் ஏற்கெனவே குன்றியிருந்தால் நெரிசலே இராது, ஈடும் இராது. அழிந்த லார்வாக்கள் பிற மீன்களுக்கு இரையாகியிருக்கும் என்பதும் அந்த 20-இல் சேரவில்லை. ஈடு உண்டென்பவர் அந்த ஏரியின் தரவைக் கொண்டு அதைக் காட்டட்டும்.

கேள்வி: எங்கள் சல்லடையில் சிக்கியவை 3 லட்சம். இது அதிகமா?

பதில்: எந்த இனம், எந்தப் பருவம், ஏரியில் மொத்தம் எத்தனை? இம்மூன்றும் இல்லாத எண்ணுக்கு மேலே ஒருமுறை பதில் சொல்லியாயிற்று.

கேள்வி: குளிர்காலத்தில் மட்டும் சல்லடையில் மீன் குவிவது ஏன்?

பதில்: வட அமெரிக்க நன்னீர் மீனான கிசார்ட் ஷாட் போன்ற இனங்கள் கடுங்குளிரில் நீந்தும் வலுவிழந்து நீரோட்டத்தோடு வந்துவிடும். அவற்றுள் பல எப்படியும் இறந்திருக்கும் என்பதால், சிக்கும்போது உயிரோடு இருந்தனவா என்பதையும் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: வெளியேறும் வெந்நீரால் வரும் பாதிப்பு?

பதில்: அது தனி ஆய்வு, வெப்ப மாசு அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இழப்பைக் குறைக்க என்ன வழி?

பதில்: சல்லடைக் கண்களின் ஊடாகப் பாயும் நீரின் வேகம் நொடிக்கு அரை அடியைத் தாண்டாமல் வைப்பது, அமெரிக்காவின் 2014 விதிகள் ஏற்கும் வழிகளுள் ஒன்று. நீந்தும் மீன் தப்பும்; முட்டை தப்பாது. முட்டைக்கு, எடுக்கும் நீரையே குறைக்க வேண்டும். நீரைச் சுழற்றிப் பயன்படுத்தும் குளிர்விப்புக் கோபுரங்கள் அதைப் பெருமளவு குறைக்கின்றன.