இன்டராக்டிவ் மருத்துவக் கட்டுரைகளால் மாணவர்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

உண்டு. நீங்கள் எம்பிபிஎஸ் இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ படிக்கிறீர்கள், போனில் இப்படி ஒரு கேஸ், அதாவது ஒரு நோயாளியின் கதை, பார்த்தால் வீட்டில் திட்டு விழுகிறது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் சென்னையில் சிஆர்ஆர்ஐ, அதாவது எம்பிபிஎஸ் படிப்புக்குப் பிறகு மருத்துவமனையில் செய்யும் கட்டாயப் பயிற்சி, முடிக்கப் போகிறேன்.

ஃபைனல் இயரில் ஒரு ஜர்னலில் காய்ச்சல் கேஸ் ஒன்று வந்தது. கொஞ்சம் சொல்லிவிட்டு, 'அடுத்து என்ன செய்வீர்கள்?' என்று நிற்கும். பதில் சொன்னால்தான் மேலே போகலாம். டெங்கு, டைஃபாய்டு, மலேரியா என்று எல்லா டெஸ்டையும் கேட்டேன். உடம்பு முழுக்கத் தோலைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். விடை உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ். புத்தகத்தில் அந்தப் பக்கம் முழுக்க நான் மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

போன மார்கழியில் பொன்னேரிப் பக்கமிருந்து ஒரு பாட்டி வந்தார். ஏழு நாள் காய்ச்சல், டெங்கு நெகடிவ், பிளேட்லெட் குறைவு. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் போட்டும் இறங்கவில்லை. "பாட்டி, கையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றேன். அக்குளில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு; உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் அதுதான். "அது சின்னப் புண்ணுப்பா, வலிகூட இல்ல" என்றார். வலிக்காது, அதனால்தான் யாரும் சொல்வதில்லை. மேல்படிப்பு படிக்கும் பிஜி மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தக் காய்ச்சலுக்கான மருந்து டாக்சிசைக்ளின் எழுதினார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

புத்தகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சீனியர்கள் கோபப்பட வேண்டாம். படம் அசைவதாலோ வீடியோ ஓடுவதாலோ எதுவும் மண்டையில் ஏறிவிடாது. விடையைப் பார்க்கும் முன் நம்மைப் பதில் சொல்ல வைக்கிறதே, அதுதான் விஷயம். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்து, திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது; படித்ததைத் தாங்களே நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அவர்கள் மருத்துவ மாணவர்கள் இல்லை, சாதாரணப் பத்திகளைத்தான் படித்தார்கள், சரி. ஆனால் ஐந்தே நிமிடத்தில் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி நம்மை ஏமாற்றுவது இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேஸ் படிக்க எங்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது? ரத்தம் எடுப்பது நாங்கள், அதை மூன்று மாடி இறங்கி லேபுக்குக் கொண்டுபோவதும் நாங்கள், ரிப்போர்ட்டுக்கு வரிசையில் நிற்பதும் நாங்கள். அந்தப் பாட்டியின் சாம்பிளையும் நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு வார்டுக்கு ஓர் ஆள் கூடுதலாகப் போட்டால் தீரும் பிரச்சினை. எத்தனையோ தடவை கேட்டாயிற்று.

நீங்கள் கேஸைத் திறந்தால், ஆப்ஷன்களைப் பார்க்கும் முன் உங்கள் பதிலை ஒரு பேப்பரில் எழுதிவிடுங்கள். அப்புறம் தொடுங்கள்.