ஃபைனல் இயர் புரொஜெக்டுக்கு என்ன டொபிக் எடுக்கிறது எண்டு தெரியேல்ல, ஆராவது சொல்லுங்கோ

தம்பி கேட்டிருக்கிறது இதுதான்: கோணேசபுரி கம்பஸில கம்பியூட்டர் சயன்ஸ் கடைசி வருசம், இப்ப ஏழாம் மாதம், இன்னும் ரெண்டு கிழமையில புரொபோசல் குடுக்கோணும், பெச்சில எல்லாரும் ஏஐ, பிளொக்செயின் எண்டு எடுக்கினம், நானும் அப்பிடித்தான் எடுக்கோணுமா?

நான் படிச்சது வேற ஊரில, ஆனா வீடு உப்புவெளி. எனக்கு இந்தக் கேள்வியில ஒரு வருசம் அடிபட்டு வந்த அனுபவம் இருக்கு, அதால கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

நான் முதல்ல எடுத்த டொபிக் மீன் படத்தைப் பாத்து அது என்ன மீன் எண்டு சொல்ற மெஷின் லேர்னிங் (உதாரணங்களைக் காட்டிக் கம்பியூட்டரைப் பழக்கிற முறை) அப். திருகோணமலைப் பிள்ளை, கடல் பக்கத்தில வீடு, டொபிக் நல்லாப் பொருந்துது எண்டு நினைச்சன். நெட்டில இருந்து சூரை, பாரை, அறக்குளா, கும்பிளா எண்டு படங்களைச் சேத்தன், படம் காணாது எண்டு ஒவ்வொரு படத்தையும் திருப்பி, சரிச்சு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சு அஞ்சாறு மடங்காக்கினன், பிறகு எல்லாத்தையும் ஒண்டாக் கலந்து ட்ரெயினிங்குக்கு (பழக்கிறதுக்கு) எண்பது வீதம், டெஸ்ட்டுக்கு (பாக்காத படத்தில சோதிக்கிறதுக்கு) இருபது வீதம் எண்டு பிரிச்சன். அக்கியூரசி, அதாவது சரியாச் சொன்ன வீதம், தொண்ணூறுக்கு மேல வந்தது. வீட்டில எல்லாருக்கும் காட்டினன்.

அதில பிழை எங்க எண்டு விளங்க எனக்கு ரெண்டு மாதம் எடுத்தது. ஒரே மீன்ர ஒரே படம், திருப்பினது ட்ரெயினிங்கில இருக்கு, திருப்பாதது டெஸ்ட்டில இருக்கு, அப்ப மொடல் ஏற்கனவே பாத்த படத்தைத்தான் திரும்பச் சொல்லுது. முதல்ல பிரிச்சுப்போட்டு, ட்ரெயினிங் பக்கத்தில இருக்கிற படங்களை மட்டும்தான் பெருக்கோணும். இதைச் சரியாச் செய்தவுடன நம்பர் விழுந்தது. அதுக்குப் பிறகு கரைக்குப் போய் போனில எடுத்த படங்களைக் குடுத்தன், அங்க மீன் வெள்ளைத் தாளில தனிய கிடக்காது, ஈரத்தோட, மண்ணோட, ஒண்டுக்கு மேல ஒண்டு குவிஞ்சு கிடக்கும், பாதி கூடச் சரியா வரேல்ல.

அதை விடப் பெரிய அடி சுப்பவைசர் மிஸ் கேட்ட ஒரு கேள்வி. "இந்த மீன் என்ன மீன் எண்டு தெரியாம அங்க கஸ்ரப்படுறது ஆர்?" எண்டு கேட்டா. பதில் இல்லை. கரையில நிக்கிற பத்து வயசுப் பெடியனுக்கும் தூரத்தில இருந்தே மீன் தெரியும். ஆருக்கும் இல்லாத பிரச்சினைக்கு நான் மூண்டு மாதம் செலவழிச்சிருக்கிறன்.

அடுத்த நாள் விடிய அப்பாவோட நிலாவெளிப் பக்கம் ஒரு கரைவலை வாடிக்கு (கரையில நிண்டு பெரிய வலை இழுக்கிற ஆக்கள் தங்கிற கொட்டில்) போனன், டொபிக் தேடித்தான் போனது. வலை இழுத்து மீன் வித்து முடிய அந்தச் சம்மாட்டி ஐயா, வலையின்ர சொந்தக்காரர், ஒரு கொப்பியை எடுத்து வைச்சுக் காசு பிரிச்சார், நான் பக்கத்தில இருந்து பாத்தன். பங்குக் கணக்கு எண்டா சும்மா வகுத்தல் எண்டுதான் அதுவரைக்கும் நினைச்சிருந்தன். உதாரணத்துக்கு ஒரு லட்சத்துக்கு மீன் போச்செண்டா முதல்ல மண்ணெண்ணெய், ஐஸ், சாப்பாடு எண்டு செலவு 22,000 கழியும், மிச்சம் 78,000. அதில பாதி வலைக்கும் தோணிக்கும், மற்றப் பாதி 39,000 ஆக்களுக்கு. 26 பங்கெண்டா ஒரு பங்கு 1,500. ஆனா 26 பங்கெண்டா 26 பேர் எண்டில்லை, வலையை நடத்துற மூத்தவருக்கு ஒண்டரைப் பங்கு, பள்ளிக்கூடம் முடிச்சுப் புதுசா வந்த பெடியனுக்கு அரைப் பங்கு, வருத்தம் எண்டு வராம விட்ட ஒராளுக்கும் அண்டைக்கு அரைப் பங்கு போட்டார். பங்கு 1,487 எண்டு வந்தா 1,480 தான் குடுப்பார், மிஞ்சினது எல்லாருக்கும் தேத்தண்ணிக்கு. இது அந்த வாடிக் கணக்கு, வேற வாடியில வேற மாதிரி.

இதுதான் என்ர புரொஜெக்ட் ஆச்சு. மெஷின் லேர்னிங் ஒண்டுமில்லை, போனில ஓடுற ஒரு அப், உள்ளுக்க எஸ்கியூலைட் எண்ட, போனுக்குள்ளயே சேமிக்கிற சின்ன டேட்டாபேஸ், நெட் இல்லாட்டியும் வேலை செய்யும், வீட்ட போனாப் பிறகு சேர்வருக்குப் போகும். கேக்கச் சின்ன விசயமா இருக்கும் தம்பி, ஆனா நாலு வருசத்தில படிச்சதெல்லாம் இதுக்க வந்து நிண்டது.

ஒண்டு சொல்றன். ஆக்கள் வாங்கின முற்பணத்தை அடுத்த பங்கில அப் தானாக் கழிக்கிற மாதிரி எழுதிக் கொண்டு போனன். ஐயா வேண்டாம் எண்டார். நல்லா மீன் பட்ட நாளிலதான் அவர் கழிப்பார், படாத நாளில கழிச்சா அவன் வெறுங்கையோட வீட்ட போவான் எண்டார். அப்ப அந்த முடிவை கோட் எடுக்கக்கூடாது, "இண்டைக்கு எவ்வளவு கழிக்கிறது" எண்டு ஒரு பெட்டியை வைச்சு அவரிட்டயே விடோணும். இது ஒரு புத்தகத்திலயும் எனக்குக் கிடைக்கேல்ல.

இன்னொண்டு, கொப்பியில பிழைச்சா அவர் அழிக்க மாட்டார், குறுக்கால ஒரு கோடு போட்டுப் பக்கத்தில சரியானதை எழுதுவார். ஏனெண்டா எல்லாரும் கொப்பியை எட்டிப் பாப்பினம், அழிச்சிருந்தா சந்தேகம் வரும். அதால நானும் டிலீட் பட்டனை எடுத்தன், பழைய பதிவு அப்பிடியே இருக்கும், திருத்தம் புதுப் பதிவா வரும். அப்பிடிச் செய்ததால இன்னொரு பிரச்சினையும் தீர்ந்தது: ஐயாவின்ர மகனும் தன்ர போனில பதிவு போட்டா ரெண்டும் ஒண்டை ஒண்டு அழிக்காது, ஒவ்வொரு பதிவுக்கும் தனி ஐடி, சேத்தாச் சரி. ரிப்போட்டில நல்ல மார்க்ஸ் வந்த அதிகாரம் இதுதான். வைவாவில (வாய்மொழிப் பரீட்சையில) "எக்செல் போதாதா?" எண்டு எக்ஸாமினர் கேட்டார், நான் அந்தக் குறுக்குக் கோட்டைப் பற்றித்தான் சொன்னன், அதுக்குப் பிறகு அவர் அந்தக் கேள்விக்குத் திரும்பி வரேல்ல.

அப்பில ஆக்களின்ர பேரைத் தேடுறதைச் சரிப்படுத்தவும் ஒரு வாரம் போச்சு. "கோபால்" எண்டு தேடினா வராது, கண்ணுக்கு முன்னால இருக்கும். யூனிகோட்டில (எழுத்துகளுக்குக் கம்பியூட்டரில குடுக்கிற பொது எண் முறை) "கோ" எண்டதை ரெண்டு விதமா எழுதலாம், ஓகாரக் குறியை ஒரே குறியீடாவும் போடலாம், ஏகாரக் கொம்பும் காலும் எண்டு ரெண்டாவும் போடலாம், பாக்க ஒரே மாதிரி, கம்பியூட்டருக்கு வேற வேற. சேமிக்க முன்னமும் தேட முன்னமும் நோர்மலைஸ் பண்ணோணும், அதாவது எல்லாத்தையும் ஒரே விதமா மாத்தோணும். தமிழில எந்த அப் செய்தாலும் இதை மறக்காதேங்கோ.

அப்ப ஏஐ எடுக்கக்கூடாதா எண்டா, எடுக்கலாம், நான் அதுக்கு எதிரி இல்லை. ஆனா புரொபோசல் குடுக்கிற அண்டைக்கு டேட்டா உங்கட கையில இருக்கோணும், "பிறகு சேகரிப்பன்" எண்டு எழுதுறது எனக்கு நடந்த மாதிரித்தான் முடியும். பிளொக்செயின் (ஒரே கணக்கின்ர பிரதியைப் பல பேர் வைச்சிருந்து, ஒராள் தனிய மாத்த ஏலாமச் செய்யிற முறை) எண்டா, ஒருத்தரை ஒருத்தர் நம்பாத பல பேர் ஒரே கணக்கை எழுதுற இடம் உங்களிட்ட இருக்கா எண்டு பாருங்கோ, இல்லாட்டி சாதாரண டேட்டாபேஸே போதும். பக்கத்திலயே வேற விசயங்களும் கிடக்கு: அச்சகங்களில பாமினி எண்ட, யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருவில கிடக்கிற பழைய கோப்புகளை யூனிகோட்டுக்கு மாத்திறது, தம்பலகாமத்தில வயல் செய்யிறவைக்கு உரம், கூலி, அறுவடை மெஷின் செலவுக் கணக்கு. கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழுக்கும் சென்சர் போட்டு வெப்பம் அளக்கிறது எண்டும் ஒராள் கேட்டவர், செய்யலாம், ஆனா அனுமதி எடுக்க நாள் போகும், அதை முதலே பாருங்கோ.

செய்த அப் பாவிக்க லேசோ எண்டு ஆக்களிட்டக் கேட்டு மதிப்பிட, ஜோன் புரூக் 1986இல செய்த சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல் எண்ட கேள்வித்தாளை எல்லாரும் பாவிக்கினம், 10 வசனம்தான். ஆனா அதில ஒரு வசனம் நல்லதாவும் அடுத்தது குறையாவும் மாறி மாறி வரும், தமிழாக்கித் தாளில குடுத்தா ஆக்கள் குழம்பிப் போவினம், பக்கத்தில இருந்து வாசிச்சுச் சொல்லிக் கேளுங்கோ.

கடைசியா உங்களுக்கு அவசரமான விசயம். கரைவலைப் பக்கம் போறதெண்டா காலத்தைப் பாருங்கோ. எங்கட கரையில பெரும்பாலும் மூண்டாம் மாதத்தில இருந்து ஒம்பதாம், பத்தாம் மாதம் வரைக்கும்தான் வலை ஓடும், பிறகு வாடைக்காத்து தொடங்கிக் கடல் பொங்கினா வாடியில ஆள் இருக்காது. கம்பஸ் டைம்டேபிளில டெஸ்டிங் பன்னிரண்டாம் மாதம் எண்டு இருக்கும், அப்ப நீங்கள் தனியத்தான் கரையில நிப்பீங்கள். அதால இந்தக் கிழமையே போங்கோ. ஐயா, அண்ணை எண்டு மரியாதையாக் கேட்டா இருக்க விடுவினம், ஆனா வலை இழுக்கிற நேரம் கேள்வி கேக்காதேங்கோ, முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்க கேளுங்கோ. முதல் நாள் லெப்டொப் வேண்டாம், ஒரு கொப்பியும் பேனையும் காணும், விடிய ஆறு மணிக்கு முன்னம் நிண்டாத்தான் வலை வளைக்கிறதில இருந்து காசு பிரிக்கிறது வரைக்கும் முழுசாப் பாக்கலாம்.