வக்கீலிடம் சொன்னது யாருக்குச் சொந்தம்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை கட்சிக்காரரின் ரகசியம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயர், ஊர் இரண்டையும் விட்டுவிட்டேன். ஒன்றிரண்டில் விவரத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். இந்த விஷயத்துக்கு அதுதான் முறை.

“வக்கீலிடம் உண்மையை மறைக்காதே என்கிறார்கள். சொன்ன பிறகு அவர் வெளியே சொல்லமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அவருடைய நல்ல குணம் மட்டும்தானா?”

இல்லை, சட்டமே இருக்கிறது. 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 126-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 132-வது பிரிவாகத் தொடர்கிறது. வழக்கு வேலைக்காக நீங்கள் சொன்னது, காட்டிய ஆவணத்தில் இருந்தது, அவர் உங்களுக்குத் தந்த யோசனை, இந்த மூன்றையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அவர் யாரிடமும் சொல்லக்கூடாது. கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் சொல்லக்கூடாது. வழக்கு முடிந்து பத்து வருஷம் ஆனாலும், நீங்கள் சண்டை போட்டுக்கொண்டு வேறு வக்கீலிடம் போய்விட்டாலும் அந்தக் கடமை அப்படியே இருக்கும். ஏனென்றால் அந்த ரகசியம் வக்கீலுடைய சொத்து அல்ல, உங்களுடையது. அதைத் திறக்கும் உரிமையும் உங்களுக்கு மட்டுமே.

எல்லை ஒன்று உண்டு. அதைச் சட்டமே உதாரணத்தோடு சொல்கிறது. “நான் கள்ளப் பத்திரம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்” என்று சொன்னால் அது ரகசியம்தான். குற்றம் செய்தவருக்காக வாதாடுவது குற்றமல்ல. “இந்தக் கள்ளப் பத்திரத்தை வைத்து அந்த இடத்தை எனக்கு வாங்கித் தாருங்கள்” என்று சொன்னால் ரகசியம் கிடையாது. அது இனி நடக்கப்போகும் குற்றத்துக்குத் துணை கேட்பது. அதேபோல, வேலையை ஏற்றுக்கொண்ட பிறகு புதிதாக ஒரு மோசடி நடந்ததை வக்கீல் தன் கண்ணால் பார்த்தாலும் இந்தப் பாதுகாப்பு நிற்காது.

ஆகவே நடந்ததை முழுசாகச் சொல்லுங்கள். பாதிச் சொன்ன கட்சிக்காரரின் மீதிக் கதையை எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் எடுத்துப் போடும்போது, அவருடைய வக்கீலால் ஒன்றும் செய்ய முடியாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

“வக்கீல் சொல்லமாட்டார், சரி. அவர் குமாஸ்தா? ஜூனியர்கள்? டைப் அடிக்கும் பெண்?”

நல்ல கேள்வி. 132-வது பிரிவு வக்கீலின் குமாஸ்தாவையும் ஊழியர்களையும், மொழிபெயர்த்துச் சொல்ல வந்தவரையும்கூடக் கட்டுப்படுத்துகிறது. ஜூனியர் தானே ஒரு வக்கீல், அவருக்கு இது நேரடியாகவே பொருந்தும். ஆக, சட்டத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை இருப்பது அன்றாட வேலையில்.

நான் ஜூனியராக இருந்த அலுவலகத்தில் பிழை விழுந்த மனுப் பக்கங்களின் பின்பக்கத்தை எழுதப் பயன்படுத்துவோம். அது தீர்ந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகும். ஒருநாள் மாலை கோர்ட் வாசலில் வாங்கிய கடலை, ஒரு ஜீவனாம்ச மனுவின் நான்காம் பக்கத்தில் மடித்து வந்தது. கணவனின் சம்பளம், மனைவி சொன்ன புகார், குழந்தை படிக்கும் பள்ளிக்கூடத்தின் பெயர், எல்லாம் அதில் இருந்தது. அந்த மனுவை எழுதியவளே நான்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண் எங்களை நம்பி, அழுதுகொண்டே சொன்னவை அவை. மறுநாளிலிருந்து பிழைப் பக்கங்களை நானே கிழித்துப் போட ஆரம்பித்தேன். இன்று என் அலுவலகத்தில் காகிதம் அரைக்கும் மெஷின் இருக்கிறது. அரைக்காத ஒரு தாளும் வெளியே போவதில்லை.

கட்சிக்காரர் விவரம் கசிவது என்றதும் எங்கிருந்தோ ஒரு ஹேக்கர் வருவதாக நினைக்கிறோம். நான் பார்த்தவரை கசிந்ததெல்லாம் நம் பக்கத்திலேயே. வழக்குக் காகிதக் கட்டை முழுசாக ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவது. பென் டிரைவை டைப்பிங் சென்டரில் செருகி, பிரிண்ட் எடுத்த பிறகு கோப்பை அந்தக் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டு வருவது. வராந்தாவில் அடுத்த கட்சிக்காரர் காதில் விழும்படி இந்தக் கட்சிக்காரரிடம் பேசுவது. “இப்படி ஒரு கேஸ் வந்திருக்கிறது” என்று வக்கீல்கள் வாட்ஸ்அப் குழுவில் மனுவைப் பெயரோடு போட்டு யோசனை கேட்பது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் சின்ன ஊரில் ஒரு பெயரும் ஒரு தெருவும் வெளியே வந்தால் போதும், ஒரு குடும்பம் தலைகாட்ட முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது: முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். என் கட்டை யாரெல்லாம் பார்ப்பார்கள்? நகல் எங்கே எடுப்பீர்கள்? வழக்கு முடிந்ததும் காகிதங்களை என்ன செய்வீர்கள்? இப்படிக் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளும் வக்கீலிடம் கட்டைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசியுங்கள்.

“என் மகள் விவாகரத்து வழக்குக்கு நான்தான் ஃபீஸ் கட்டுகிறேன். வக்கீலம்மாவோ, ‘மகள் சொன்னால்தான் விவரம் சொல்வேன்’ என்கிறார். பெற்ற அப்பாவிடம் என்ன ரகசியம்?”

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் அந்த வக்கீல் செய்தது சரி. பணம் கட்டுபவர் கட்சிக்காரர் அல்ல, வக்கீலை நியமிக்கும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவரே கட்சிக்காரர். மகளுக்கு 18 வயது தாண்டிவிட்டால் அவர் சொன்னது அவருக்கே சொந்தம்.

என்னிடம் வரும் பெண்களில் பலர் அப்பாவும் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கதை சொல்வார்கள். அவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்ன பிறகு வேறொன்று சொல்வார்கள். முக்கால்வாசி நேரம் அந்த இரண்டாவதில்தான் வழக்கே இருக்கும். அடித்ததைச் சொன்னால் அப்பா மனசு உடைந்துவிடும் என்று மறைத்திருப்பார்கள். அந்தக் கதவு இல்லாவிட்டால் உங்கள் மகளுக்காக முழுசாக வாதாடவே முடியாது. மகளிடமே கேளுங்கள். அவர் விரும்பினால் “அப்பாவிடம் வாய்தா தேதியும் செலவுக் கணக்கும் சொல்லலாம்” என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். நான் அப்படித்தான் வாங்கி வைக்கிறேன்.

“வக்கீலை மாற்ற வேண்டும். பழைய வக்கீல், ஃபீஸ் பாக்கியைத் தீர்த்தால்தான் கட்டைத் தருவேன் என்கிறார். நாளைக்கே எதிர்த்தரப்புக்குப் போய்விட்டால்?”

கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ம் ஆண்டே இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது: வழக்குக் காகிதங்கள் விற்பனைச் சரக்கு அல்ல, பாக்கிக்காக அவற்றை அடமானம் போலப் பிடித்து வைக்க முடியாது. பாக்கி உண்மையாக இருந்தால் அதை வசூலிக்க அவருக்குத் தனி வழி உண்டு. நீங்களும் நியாயமான பாக்கியைக் கொடுத்துவிடுங்கள்.

எதிர்த்தரப்புக்கு அவர் போக முடியாது. ஒரு விவகாரத்தில் யோசனை சொன்னவரோ மனு எழுதியவரோ அதே விவகாரத்தில் எதிராளிக்காக ஆஜராகக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதிகளில் 33-வது விதி சொல்கிறது. கட்டை வாங்கும்போது பட்டியல் போட்டு இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். அசல் தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்று போன்றவற்றை அதில் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

“போலீஸோ அமலாக்கத் துறையோ வக்கீலைக் கூப்பிட்டு, ‘உன் கட்சிக்காரர் என்ன சொன்னார்’ என்று கேட்டால்?”

2025-ல் அமலாக்கத் துறை மூத்த வழக்கறிஞர்களுக்கே சம்மன் அனுப்பியது. நாடு முழுக்க வக்கீல்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து அக்டோபர் 31-ல் தீர்ப்பளித்தது. கட்சிக்காரரின் விவரம் கேட்டு அவருடைய வக்கீலுக்கு விசாரணை அதிகாரி சம்மன் அனுப்பக் கூடாது. நான் முதல் பதிலில் சொன்ன எல்லை, அதாவது குற்றத்துக்குத் துணை கேட்டது, புதிய மோசடியை வக்கீல் பார்த்தது என்ற விதிவிலக்குக்குள் வந்தால் மட்டும் அனுப்பலாம். அப்போதும் எந்த விதிவிலக்கு என்று சம்மனிலேயே சொல்ல வேண்டும். எஸ்.பி. பதவிக்குக் குறையாத மேலதிகாரி எழுத்து மூலம் ஒப்புதல் தர வேண்டும். வக்கீலின் போன், லேப்டாப் தேவைப்பட்டால் அதை நீதிமன்றத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். வக்கீலும் கட்சிக்காரரும் இருக்கும்போதுதான் அதைத் திறக்கலாம், மற்றக் கட்சிக்காரர்களின் விவரம் வெளியே வரக்கூடாது. இந்தக் கடைசி வரிக்காகவே அந்தத் தீர்ப்பை நான் கொண்டாடுகிறேன். ஒரு வக்கீலின் போனில் ஒருவர் ரகசியம் மட்டுமா இருக்கிறது?

ஒன்று கவனியுங்கள். ஆவணத்தை வக்கீல் அலுவலகத்தில் வைத்துவிட்டால் யாரும் தொட முடியாது என்று அர்த்தமில்லை. நீதிமன்றம் கேட்டால் அதைக் கொண்டுபோய்த் தாக்கல் செய்தாக வேண்டும். நீங்கள் சொன்ன சொல்லுக்கு இருக்கும் காப்பு, கொடுத்து வைத்த பொருளுக்கு அப்படியே கிடையாது. கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அதிகாரிக்கும் 132-வது பிரிவு பொருந்தாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. கம்பெனிக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மெயில் எழுதுங்கள்.

“ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். வழக்கு முடிந்ததும் அழித்துவிடச் சொல்லலாமா? புதுச் சட்டம் வந்திருக்கிறதாமே?”

வந்திருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் இயற்றப்பட்டது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தரவை வைத்திருப்பவர்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது.

ஆனால் சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தரவுக்கு இந்தச் சட்டம் பெரிய விலக்குத் தருகிறது. “அழித்துவிடு” என்று கேட்கும் உரிமை அங்கே கிடையாது. இருந்தாலும், பத்திரமாக வைத்திருக்கும் கடமையிலிருந்து மட்டும் விலக்கு இல்லை. இது நியாயம்தான் என்று நினைக்கிறேன். எதிராளி தன்னைப் பற்றிய ஆதாரத்தையெல்லாம் அழிக்கச் சொன்னால் உங்கள் வழக்கு என்ன ஆகும்?

நடைமுறைக்கு வருவோம். அடையாளத்துக்கு மட்டும் என்றால் முதல் 8 இலக்கம் மறைத்த ஆதார் பிரதியைக் கொடுங்கள், ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அனுப்பும் ஒவ்வொரு நகலின் மேலும் எந்த வேலைக்கு, எந்தத் தேதி என்று குறுக்கே எழுதுங்கள். வக்கீலின் நம்பருக்கு நேராக அனுப்புங்கள், குடும்பக் குழு வழியாக வேண்டாம். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் கேட்ட மாதங்கள் மட்டும் போதும்.

அப்புறம், ஏஐ. மனுவை அப்படியே சாட்ஜிபிடியில் ஒட்டிச் சுருக்கம் கேட்கும் பழக்கம் இளம் வக்கீல்களிடம் பரவுகிறது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கீழ் நீதிமன்றங்களுக்கு வகுத்த கொள்கையில், அங்கீகரிக்கப்படாத இத்தகைய இணையக் கருவிகளைத் தவிர்க்கச் சொன்னதற்கு ரகசியமும் ஒரு காரணம். கட்சிக்காரரின் பெயரும் கதையும் யாருடைய சர்வருக்கோ போகிறது. என் ஜூனியர்களுக்கு நான் சொன்னது: சட்டக் கேள்வியைக் கேள், கட்டை ஒட்டாதே. உங்கள் வக்கீலிடமும் இதைக் கேட்கலாம்.

“என் விவாகரத்து உத்தரவு, பெயரைத் தேடினால் கூகுளில் வருகிறது. மறுமணப் பேச்சு நின்றுவிட்டது. என்ன செய்வது?”

அம்மா, மிகவும் வருத்தமாக இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 22-வது பிரிவு, இந்த வழக்குகளை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது, நடந்ததை வெளியிடுவதையும் தடுக்கிறது. ஆனால் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தரும் தீர்ப்பை, நீதிமன்றத்தின் முன் அனுமதியோடு வெளியிட அதே பிரிவு இடம் தருகிறது. ஆகவே வந்திருப்பது எந்த நீதிமன்றத்தின் உத்தரவு என்று முதலில் பாருங்கள். அந்த நீதிமன்றத்திலேயே பெயரை மறைக்கக் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள், உத்தரவை வெளியிட்டிருக்கும் தளத்துக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். குற்ற வழக்கில் விடுதலையான ஒருவரின் பெயரை மறைக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த உத்தரவை ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. எனவே கட்டாயம் கிடைக்கும் என்று நம்பிக்கை கொடுக்கமாட்டேன். உங்கள் வழக்கில் 22-வது பிரிவு இருப்பது கூடுதல் பலம்.

இனி வழக்குப் போடப்போகிறவர்களுக்கு: முதல் மனுவிலேயே பெயரை மறைக்கும்படி கேளுங்கள். பிறகு ஓடுவதைவிட அது எளிது.

“என் வக்கீல் என் விஷயத்தை வெளியே சொல்லிவிட்டார். யாரிடம் போவது?”

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவின்படி ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். கண்டிப்பது, சில காலம் தொழில் செய்யத் தடை போடுவது, பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்குவது வரை அதிகாரம் இருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். உத்தரவு திருப்தி தராவிட்டால் 60 நாளுக்குள் அங்கே மேல்முறையீடு செய்யலாம். யாரிடம் சொன்னார், எப்போது, அதைக் கேட்டவர் சாட்சி சொல்ல வருவாரா, இதையெல்லாம் மறக்கும் முன் தேதியோடு எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்த போனையே மாற்றாமல் வைத்திருங்கள்.